டைமிங் பெல்ட்: கிலோமீட்டர் கணக்கா, வருஷக் கணக்கா?

9 செப்டம்பர் 2023 – வாசகர் கேள்வி

என்னிடம் இருப்பது 2014 ரெனோ டஸ்டர் டீசல் கார், 85 பிஎஸ். மீட்டரில் 58,300 கிமீ. முதல் ஐந்து வருஷம் அப்பா ஓட்டினார். பிறகு அவருக்கு முட்டி வலி வந்துவிட்டது, வண்டி பாதி நாள் நிறுத்தியே கிடந்தது. இப்போது நான் பள்ளிக்கரணையிலிருந்து சிறுசேரிக்கு எடுத்துப் போகிறேன். டைமிங் பெல்ட் இதுவரை மாற்றியதே இல்லை. சர்வீஸில் கேட்டால் "இன்னும் கிலோமீட்டர் வரலை சார், கவலைப்படாதீங்க" என்கிறார்கள். எங்கள் தெருமுனை மெக்கானிக் "முதல்ல அதை மாத்துங்க, மத்த வேலையை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆகும்போல. யார் பேச்சைக் கேட்பது?

9 செப்டம்பர் 2023, இரவு 9.40

தெருமுனை மெக்கானிக் பேச்சை.

அது ஒன்பது வருஷப் பெல்ட். கிலோமீட்டர் வரவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், கையேட்டில் அந்த வரியை முழுசாகப் படியுங்கள். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்றுதான் பெரும்பாலான கம்பெனிகள் போடுகிறார்கள். சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் முதல் பாதியைப் படித்துவிட்டு உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வண்டியில் இருப்பது ரெனோவின் கே9கே இன்ஜின். 1.5 லிட்டர், எட்டு வால்வு. சன்னி, மைக்ரா, டெரானோ, லாட்ஜி டீசல்களிலும், அதற்கும் முன்னால் லோகன், வெரிட்டோவிலும் இதே இன்ஜின்தான். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும் ரகம் இது. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைத் தவறாமல் காப்பது இந்த ஒரு ரப்பர் பட்டைதான். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அந்த நேரத்தில் ஒரு வால்வு திறந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டைமிங் பெல்டின் மேல் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். பெல்டில் வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

9 செப்டம்பர் 2023, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். நான் இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

2017 ஜூன். என்னிடம் அப்போது இருந்தது எட்டு வருஷம் ஆன ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக், இரண்டாம் கையாக வாங்கியது. 47,000 கிமீ. நான் சர்வீஸுக்கு விட்டுக்கொண்டிருந்த இடத்திலும் இதே பேச்சுதான்: "அறுபதாயிரத்துல பார்த்துக்கலாம்." அம்மாவை அழைத்துக்கொண்டு விடிகாலை திருவண்ணாமலை கிளம்பினேன். அச்சரப்பாக்கம் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். பெரிய சத்தம் ஏதும் இல்லை. பானட்டுக்குள் யாரோ விரலால் சுண்டியது மாதிரி ஒரு 'டப்', உடனே இன்ஜின் செத்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றும் இல்லை. பின்னால் லாரி ஹாரன். ஓரம் கட்டினேன்.

அப்புறம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். சாவியைத் திருப்பி மூன்று முறை செல்ஃப் எடுத்தேன். வழக்கமாக செல்ஃப் எடுக்கும்போது இன்ஜின் திணறித் திணறிச் சுற்றும், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அந்தத் திணறலே இல்லை. காலி மிக்ஸி ஓடுவது மாதிரி வழுவழுவென்று ஒரே சீராகச் சுற்றியது. சிலிண்டருக்குள் காற்று அமுங்கவில்லை, கம்ப்ரஷன் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா, "ஏதோ சுலபமா சுத்துதே, இப்போ பிடிச்சுக்கும்" என்றார்.

திண்டிவனத்தில் ஹெட்டை இறக்கினார்கள். ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் பிறை வடிவத்தில் பளபளவென்று ஒரு வெட்டு, வால்வு விளிம்பு இடித்த இடம். மெக்கானிக் ஒரு வால்வை எடுத்து கண்ணாடிப் பலகை மேல் உருட்டிக் காட்டினார். நேராக உருளாமல் ஆடி ஆடிப் போனது. பன்னிரண்டில் எட்டு வால்வு அப்படி. லேத் வேலை, வால்வு, கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய், ஒன்பது நாள். பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் முன்கூட்டியே மாற்றியிருந்தால் 3,200 ரூபாயோடு போயிருக்கும்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. நாலு வழிச்சாலையில் அறுபத்தாறு வயது அம்மாவை இருட்டில் சாலையோரம் நிறுத்தி வைத்தேனே, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

10 செப்டம்பர் 2023

"ஓடாத வண்டியில் பெல்ட் எப்படித் தேயும்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தேயாது. கெட்டுப்போகும். இரண்டும் வேறு.

இந்தப் பெல்ட் வெறும் ரப்பர் இல்லை. உள்ளே நீளவாக்கில் கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடும். இழுவிசையைத் தாங்குவது அவைதான். அதன் மேல் சூடும் எண்ணெயும் தாங்கும் செயற்கை ரப்பர், பல்லின் மேல் துணி உறை. ரப்பருக்கு எதிரி சூடும் காலமும். மே மாதம் வெயிலில் நிறுத்திய வண்டியின் பானட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாத நாளிலும் பெல்ட் வெந்துகொண்டுதான் இருக்கிறது. பீரோவில் வைத்த ரப்பர் பேண்ட் பத்து வருஷம் கழித்து எடுத்து இழுத்தால் என்ன ஆகிறது?

இன்னொன்று. நிறுத்தியே வைத்த வண்டியில் பெல்ட் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் புல்லியைச் சுற்றி வளைந்தபடி நிற்கிறது. நிதம் ஓடுகிற டாக்ஸியில் இந்தப் பிரச்சினை கிடையாது. டாக்ஸிக்காரர் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தால் போதும், வருஷக் கணக்கு முடிவதற்குள் அவருக்குக் கிலோமீட்டர் வந்துவிடும். நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாவுமாக ஓட்டுகிறவர்கள்தான் வருஷத்தை எண்ண வேண்டும்.

கிலோமீட்டர் என்பதே சென்னைக்குள் பாதிப் பொய். ஓஎம்ஆர் சாலையில் காலை நேரம் மணிக்கு சராசரி 20 கிமீ போனாலே பெரிது. அந்தக் கணக்கில் 60,000 கிமீ ஓட 3,000 மணி நேரம் இன்ஜின் ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் 60 கிமீ சராசரியில் அதே தூரம் 1,000 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒன்று, பெல்டுக்கு மூன்று மடங்கு.

10 செப்டம்பர் 2023, மாலை

மேலே எழுதிய மூன்று மடங்கைத் திருத்துகிறேன். நேரம்தான் மூன்று மடங்கு, சுற்று அல்ல. டிராஃபிக்கில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். நிமிஷத்துக்கு சராசரி 1,200 சுற்று என்று வைத்தால் 3,000 மணி நேரத்தில் 21.6 கோடி சுற்று. நெடுஞ்சாலையில் 2,000 சுற்று என்று வைத்தால் 1,000 மணி நேரத்தில் 12 கோடி. ஆக இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் டிராஃபிக்கில் பானட்டுக்குள் காற்று ஓட்டம் இல்லாமல் சூடு தங்குகிறது, அது தனிக் கணக்கு. கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும், அதில் தூசி, நெரிசல், குறைந்த தூர ஓட்டம் எல்லாம் வரும். சென்னை வண்டிக்குப் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான்.

12 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவர் மேல் மூடியைத் திறந்து படம் அனுப்பியிருக்கிறார். "வெடிப்பே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது, அப்போ ஒரு வருஷம் தள்ளலாமா?" என்கிறார்.

தப்பு என்னுடையது. வெடிப்பு தெரிகிறதா பாருங்கள் என்று நான் எழுதியிருக்கக் கூடாது. வெடிப்பு தெரிந்தால் பெல்ட் கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். வெடிப்பு இல்லை என்பதால் நல்லது என்று சொல்ல முடியாது. மேல் மூடியைத் திறந்தால் தெரிவது பெல்டின் முதுகும் கேம் புல்லியின் மேல் உள்ள கொஞ்சம் பகுதியும்தான். பல் உள்பக்கம் இருக்கிறது. கயிறு ரப்பருக்கு உள்ளே இருக்கிறது. கண்ணாடி இழை சோர்ந்துபோனதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. 2017இல் அறுந்த என் பெல்ட்டை வாங்கி வைத்திருக்கிறேன், இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அறுந்த இடத்தைத் தவிர முதுகு முழுக்கப் பளபளவென்றுதான் இருக்கும்.

அந்தப் பளபளப்பே நல்ல அறிகுறி அல்ல. புது பெல்டின் முதுகு மங்கலாக இருக்கும், எழுத்து தெளிவாகப் படிக்க வரும். உங்கள் படத்தில் எழுத்து அழிந்திருக்கிறது பாருங்கள்.

எண்ணெய்க் கசிவு இருந்தாலும், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலும் வருஷமும் வேண்டாம், கிலோமீட்டரும் வேண்டாம், அன்றைக்கே மாற்றணும். அது வேறு விஷயம்.

17 செப்டம்பர் 2023

எதை எதை மாற்றணும் என்று தனிச் செய்தியில் நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

என்னிடம் இப்போது இருப்பதும் டஸ்டர்தான், 2015. கே9கேயில் வாட்டர் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதனால் வாட்டர் பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட்டைத் தின்றுவிடும். பம்ப் கசிந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பெல்டின் மேல் விழும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் செட்டாகவே கிடைக்கிறது. செட்டாகவே போடுங்கள். பம்புக்காக மட்டும் பிறகு ஒரு முறை திறந்தால் கூலி முழுசாக இன்னொரு தடவை.

2021இல் நான் மாற்றியபோது, முதலில் விசாரித்த ஷெட்டில் "பெல்ட் மட்டும் போதும் சார், டென்ஷனர் நல்லா இருக்கு" என்றார்கள். கழற்றாமலே எப்படித் தெரியும்? வேறு இடத்தில் கொடுத்தேன், முழு நாள் பக்கத்திலேயே நின்றேன். முன்பக்க வலது சக்கரம், சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு இரண்டும் வெளியே. இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக் போட்டுத் தாங்கிக்கொண்டு, இன்ஜினைத் தாங்கும் வலது பக்க மவுன்ட்டிங்கைக் கழற்றினார்கள். மெக்கானிக் பழைய டென்ஷனரை என் கையில் கொடுத்து, "சுத்திப் பாருங்க" என்றார். விரலால் தட்டினேன், பம்பரம் மாதிரி நிற்காமல் சுற்றியது. எனக்கு அது நல்லது என்று தோன்றியது. அவர் புதுசைக் கொடுத்தார். தட்டினால் ஒரு சுற்றுகூடப் போகாமல் கெட்டியாக நின்றது. "உள்ளே கிரீஸ் இருந்தா இப்படித்தான் நிக்கும். பழசுல கிரீஸ் காஞ்சு போச்சு, வெறும் குண்டு ஓடுது." இந்த ஒரு சோதனையை நான் அதற்குப் பிறகு எல்லா பேரிங்கிலும் செய்து பார்க்கிறேன்.

இன்னொன்று மறக்க வேண்டாம், வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட், பேட்டரிக்குச் சார்ஜ் தரும் பாகத்தைச் சுற்றுவது. ரெனோ இன்ஜின்களில் இது நூல்நூலாகப் பிரிந்தால், பிரிந்த நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து டைமிங் பெல்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அப்படிப் பெல்ட் பல் தாண்டி டைமிங் தப்பிப் போன வண்டிகள் உண்டு. புது டைமிங் பெல்ட் போட்டுவிட்டுப் பழைய ஆல்டர்னேட்டர் பெல்ட்டையே மாட்டுவது வீண் வேலை.

17 செப்டம்பர் 2023, இரவு

விட்டுப்போனது: 'பின்', வேலை நடக்கும்போது கேமும் கிராங்கும் அசையாமல் பிடிக்கும் உலோக ஊசி. இந்த இன்ஜினில் பெல்ட் மாற்ற இரண்டு பின் வேண்டும். ஒன்று கேம் புல்லியை ஹெட்டோடு பூட்டும். மற்றது இன்ஜின் பிளாக்கில் ஒரு அடைப்பானைக் கழற்றி அங்கே முறுக்குவது, கிராங்க் அதில் வந்து முட்டி நிற்கும். பல ஷெட்டுகளில் பின் இல்லை. வொயிட்னரால் பழைய பெல்டிலும் புல்லியிலும் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் புது பெல்டுக்கு மாற்றி, அப்படியே மாட்டிவிடுவார்கள். கைதேர்ந்தவர் செய்தால் சரியாகவும் வந்துவிடும். ஆனால் ஏற்கனவே ஒரு பல் தள்ளியிருந்தால் அதே தப்பு அப்படியே புது பெல்டுக்கும் போகும். "பின் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள். கிராங்க் புல்லி போல்டும் புதுசாகப் போட வேண்டியது, பழசை மறுபடி முறுக்கக் கூடாது.

மாட்டி முடித்ததும் சாவி போடுவதற்கு முன்னால் ஸ்பேனரால் கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றி, பின் இரண்டும் மறுபடி சிக்குகிறதா பார்க்கணும். நடுவில் எங்கேயாவது தட்டினால் கையிலேயே தெரிந்துவிடும், நிறுத்திவிடலாம். செல்ஃப் மோட்டார் அப்படி நிறுத்தாது.

18 செப்டம்பர் 2023

டைமிங் பெல்டுக்குப் பதில் செயின் வைத்த வண்டிக்காரர்கள், செயினுக்குக் காலக்கெடுவே இல்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரி. ஸ்விஃப்ட் டீசல் 1.3இல் செயின். ஐ10இல் 1.2 லிட்டர் கப்பா இன்ஜின் என்றால் செயின், 1.1 லிட்டர் என்றால் பெல்ட். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே வண்டி, அதனால் பழைய ஐ10 வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான். செயினுக்குக் குறிப்பிட்ட காலக்கெடு இல்லைதான். ஆனால் அது இன்ஜின் ஆயிலில் நனைந்து ஓடுகிறது. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் செயின் நீளும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வரும். பெல்டுக்கு இல்லாத ஒரு நல்ல குணம் அது: கெடுவதற்கு முன்னால் சத்தம் போடும்.

"அப்படியானால் ஏன் பெல்ட் வைத்தார்கள்?" என்பதற்குச் சின்னப் பதில்: லேசு, மலிவு, சத்தம் இல்லை, எண்ணெய் வேண்டாம். ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி 1962இல் 1004 என்ற சின்னக் காரில் பல் வைத்த பெல்ட் போட்டது. 1966இல் ஃபியட்டும் போட்டது. அதன் பிறகு உலகமே அந்தப் பக்கம் போனது.

2 அக்டோபர் 2023

பழைய இன்னோவா வைத்திருக்கும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "எங்க வண்டியில டைமிங் பெல்டுக்கு டேஷ்போர்டுலயே லைட் இருக்கு, அது எரிஞ்சா மாத்திட்டா போதும்."

அந்த விளக்கு நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அது எண்ணுவது கிலோமீட்டரை மட்டும்தான். மாதத்துக்கு நானூறு கிமீ ஓடுகிற இன்னோவாவில் பெல்ட் பதினைந்து வயதைத் தாண்டினாலும் விளக்கு பேசாது. இரண்டாம் கை வண்டியானால் மீட்டரைப் பின்னால் சுற்றியிருக்கிறார்களா, பெல்ட் மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்திருக்கிறார்களா என்றும் தெரியாது. பில் கையில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் செயின், அதற்கு இந்தப் பேச்சே இல்லை.

15 அக்டோபர் 2023

மறைமலை நகரில் செய்த ஃபோர்டு எகோஸ்போர்ட், 1.0 எகோபூஸ்ட் இன்ஜின் வைத்திருப்பவருக்கு: உங்களுடையது ஆயிலுக்குள் நனைந்தபடி ஓடும் பெல்ட். டஸ்டருக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிப் பெல்ட்டை எண்ணெய் பட்டால் கெட்டது என்கிறோம், உங்கள் பெல்ட் எண்ணெயிலேயே வாழச் செய்தது. ஆனால் கையேட்டில் போட்ட அதே ரக ஆயில் இருக்கணும். வேறு ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தாலோ ரப்பர் உரிந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். அப்போது போவது வால்வு மட்டுமில்லை, ஆயில் அழுத்தமே விழுந்து முழு இன்ஜினும் போகும். ஃபோர்டு இங்கே தொழிற்சாலையை மூடிவிட்டதால் தயங்காதீர்கள், பாகங்கள் கிடைக்கின்றன.

பாகம் என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வாங்குகிறவர்கள் கம்பெனி பில்லோடு வாங்குங்கள். பெல்ட்டை மடித்துச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். கூராக மடித்தால் உள்ளே கண்ணாடி இழை முறிந்துவிடும், வெளியே தெரியாது. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், ஹெட்லைட் வாங்கலாம். டைமிங் பெல்ட் மட்டும் பழசு வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர் இன்னும் மாற்றவில்லை. தீபாவளிச் செலவு முடியட்டும் என்கிறார். புரிகிறது. ஆனாலும் நவம்பர் தாண்ட வேண்டாம்.

6 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை முழுக்கத் தண்ணீர். கேள்வி கேட்டவரிடமிருந்து இன்று காலைதான் செய்தி வந்தது. வீட்டில் எல்லோரும் மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள். வண்டி இரண்டு நாள் கதவின் அடிவிளிம்பு வரை தண்ணீரில் நின்றிருக்கிறது. பெல்ட் மாற்றப்படவில்லை.

தயவுசெய்து சாவி போடாதீர்கள். தண்ணீர் வடிந்தாலும் போடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், இன்ஷூரன்ஸ்காரருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில்தான் ஷெட்டுக்குப் போகணும். இழுவைக் கயிறு வேண்டாம்.

8 டிசம்பர் 2023

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் சித்தப்பா வண்டி முடிச்சூரில் நின்றது. ஆயில், ஃபில்டர், சீட், கார்ப்பெட் எல்லாம் மாற்றினார்கள். டைமிங் மூடியை யாரும் திறக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் கிரீச் என்ற சத்தம். திறந்தால் கீழ் மூடிக்குள் காய்ந்த சேறு, பேரிங்குக்குள் மணல். நல்ல வேளை, பெல்ட் அறுவதற்கு முன் பார்த்துவிட்டோம். அது மூன்றே வருஷப் பெல்ட்.

ஆகவே வருஷம், கிலோமீட்டர் இரண்டையும் சொன்ன நான் இதையும் சேர்க்க வேண்டும்: வண்டி கிராங்க் புல்லி உயரத்துக்குத் தண்ணீரில் நின்றிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. மூடியைத் திறந்தே ஆகணும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் ஆட்கள் எல்லோருக்கும்தான் சொல்கிறேன். ஷெட்டில் கூட்டமாக இருக்கும், "ஓடுது சார், எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

23 டிசம்பர் 2023

முடிந்தது. கேள்வி கேட்டவரின் வண்டிக்கு நேற்று பெல்ட் மாற்றினார்கள், நானும் போயிருந்தேன். சிலிண்டருக்குள் தண்ணீர் போகவில்லை, அது பெரிய ஆறுதல். கீழ் மூடியைக் கழற்றியதும் ஒரு கைப்பிடி வண்டல் விழுந்தது. வாட்டர் பம்பின் கசிவுத் துளையைச் சுற்றி உப்புப் பூத்தது மாதிரி காய்ந்த கூலன்ட் படிவு. இது வெள்ளத்தில் வந்ததல்ல, பம்ப் பல மாதமாகவே மெல்லக் கசிந்திருக்கிறது. டென்ஷனர், பம்பரக் கதைதான். அதோடு ஓடும்போது ஒரு கரகரப்பும் இருந்தது.

பெல்ட்டை அவர் அப்பா கேட்டு வாங்கினார். முட்டி வலியோடு ஷெட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பல் வெளியே வரும்படி மெல்ல வளைத்துப் பார்த்தார். செப்டம்பரில் படத்தில் புதுசு மாதிரி தெரிந்த அதே பெல்ட். ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஊசியால் கீறியது மாதிரி ஒரு கோடு. "இதை நம்பியா நான் பேத்தியை ஏற்காடு கூட்டிட்டுப் போனேன்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

செட், ஆல்டர்னேட்டர் பெல்ட், புது போல்ட், கூலன்ட், கூலி சேர்த்து 17,600 ரூபாய். ஷெட்டில் பின் இருந்தது. கையால் இரண்டு சுற்று சுற்றி, பின் சிக்குவதைக் கேள்வி கேட்டவரே பார்த்துக்கொண்டார். மேல் மூடியில் வெள்ளை பெயின்ட் பேனாவால் எழுதியாயிற்று: 22-12-2023, 60,910 கிமீ. அதற்குக் கீழே, அடுத்தது 12-2028. கிலோமீட்டர் எழுதச் சொல்லவில்லை. கையேட்டில் உள்ள தூரம் அதற்குள் வரப்போவதில்லை.

24 டிசம்பர் 2023

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கூலன்ட் புதுசாக நிரப்பியதால் உள்ளே காற்று தங்கியிருக்கலாம். முதல் ஒரு வாரம் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, டப்பாவில் அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கினால் கோடு வரை ஊற்றுங்கள். தொடர்ந்து இறங்கினால் எனக்கு எழுதுங்கள், பம்பின் கேஸ்கெட் பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.